ஆறாவது பகடை

பகடை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் மனம் அத்தினாபுரத்துச் சூதவைக்குச் சென்றுவிடுகிறது. நாட்டையும் தம்பியரையும் பணயம் வைத்து இழந்த தருமன் நினைவுக்கு வருகிறான். வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். ஆகவே, பகடையினிடம் ஒரு பாடம் கற்றோம் என்று பங்குக்குரு ஒருவர் எழுதப் புகுந்தால் வாசகர் முகம் சுளிப்பது இயல்பே. சற்றே பொறுத்து, இறுதிவரை நம்முடன் வருமாறு வேண்டுகிறோம்.

2011ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்காம் நகரிலிருந்து பேருந்தில் அரை மணிப் பயணத் தொலைவில் இருந்த ஒரு சிறு பங்கில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் பெண்மணிகள் இருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு முறையீட்டை வைத்தனர். சனிக்கிழமை மாலைதோறும் பங்குக் கூடத்தில் இளைஞர் சிலர் கூடிப் பகடை உருட்டுகின்றனர். மந்திரம், மந்திரவாதி, பேய் என்றெல்லாம் பேசிக்கொள்கின்றனர். பங்குத்தந்தை இதனைத் தடுக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். சூதும் மாந்திரிகமும் ஒரே மேசையில் நடக்கின்றன என்றால் எந்தக் குருவுக்குத்தான் கவலை வராது? அடுத்த சனிக்கிழமை நாமே நேரில் சென்று பார்ப்பதென முடிவு செய்தோம்.

செல்லும் வழியில் குருமட நாள்களில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்து நம்மை உறுத்தியது. 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் பகடை ஆடலாகாது என்று விதித்ததோடு நிற்கவில்லை. பிறர் ஆடும் இடத்தில் இருக்கவும் கூடாது என்று தன் பதினாறாம் விதியில் கூறியது. ஆடுவதற்காகச் செல்லவில்லை, விசாரிக்கவே செல்கிறோம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு கூடத்தின் கதவைத் திறந்தோம்.

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒரு மேசை. அதன்மேல் பச்சை விரிப்பு, அட்டையில் செய்த குன்றுகள், சிறு மரங்கள். இருபுறமும் விரல் உயரமே உள்ள நூற்றுக்கணக்கான போர்வீரர் உருவங்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றிலும் கேடயத்தின் சின்னமும் கண்ணின் கருமணியும்கூடத் தூரிகையால் தீட்டப்பட்டிருந்தன. பணயம் எதுவும் இல்லை. காசு எவர் கையிலும் இல்லை. மேசைக்கு அருகே பதினேழு வயது இளைஞன் ஒருவனும், அவன் தாத்தாவும் நின்றனர். தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் முதல் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்பவர்.

"வாருங்கள் பாதர், நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று தெரியும். அமருங்கள். ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த விளையாட்டின் பெயர் வார்ஹாமர். 1983ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியானது. அதனை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் தலைமையகம் நாட்டிங்காமிலேயே உள்ளது. ஆகவே அந்த வட்டாரத்தில் இவ்விளையாட்டு தெரியாத வீடு குறைவு. சுரங்கப் பணி முடிந்து வீடு திரும்பிய அந்தத் தந்தை, தம் மகனோடு சேர்ந்திருப்பதற்காகவே எண்பதுகளில் இதனைக் கற்றாராம். மகன் வளர்ந்து வேலை தேடி வெளியூர் சென்றபின், பேரனோடு ஆட்டம் தொடர்ந்தது. நாம் பார்த்தது 2010ஆம் ஆண்டில் வெளியான எட்டாம் பதிப்பின் விதிகளின்படி நடந்த ஆட்டம்.

ஒவ்வொருவருக்கும் ஆறு சுற்றுகள். ஒரு சுற்றில் படையை நகர்த்துதல், மந்திரம், அம்பும் பீரங்கியும், கைகலப்பு என வரிசையாக நிகழ்கின்றன. இவற்றுள் மந்திரப் பகுதியைப் பற்றித்தான் நம்மிடம் முறையீடு வந்தது. அந்தப் பகுதியோ நம் பள்ளிக் கணக்காசிரியர் பார்த்திருந்தால் மகிழ்ந்து கைதட்டியிருக்கக் கூடியது. மந்திரம் என்னும் சொல் ஒன்றுதான் அங்கே இருந்தது. செயல் முழுவதும் கணக்கு.

அதன் நடைமுறையைத் தாத்தா பொறுமையாக விளக்கினார். மந்திரப் பகுதியின் தொடக்கத்தில் இரண்டு பகடைகள் உருட்டப்படும். மந்திரக் காற்று அன்று எவ்வளவு வலுவாக வீசுகிறது என்பதற்கு அது அடையாளம். இரண்டின் கூட்டுத்தொகை எத்தனையோ, அத்தனை ஆற்றல் பகடைகள் மந்திரம் சொல்பவனுக்குக் கிடைக்கும். இரண்டில் பெரிய எண் எதுவோ, அத்தனை முறியடிப்புப் பகடைகள் எதிராளிக்குக் கிடைக்கும். இரு பகடைகள் விழக்கூடிய வழிகள் 36. அவற்றில் கூட்டுத்தொகை 7 வருவதற்கு 6 வழிகள். 2 வருவதற்கும் 12 வருவதற்கும் ஒவ்வொரு வழிதான். சராசரி 7. ஆனால் எல்லா ஏழும் ஒன்றல்ல. 4உம் 3உம் விழுந்தால் எதிராளிக்குத் தடுக்க 4 பகடைகளே. 6உம் 1உம் விழுந்தால் அவனுக்கு 6 பகடைகள். "சம்பளம் ஒன்றாக இருந்தாலும் வீட்டுக்கு வீடு கடன் வேறு அல்லவா, பாதர்?" என்றார் அவர்.

பின்னர் மந்திரவாதி தன் ஆற்றல் பகடைகளிலிருந்து, ஒரு மந்திரத்துக்கு அதிகம் போனால் ஆறு வரை, தான் விரும்பும் எண்ணிக்கையை எடுத்து உருட்டுகிறான். வந்த தொகையோடு தன் தகுதி நிலையைக் கூட்டுகிறான். அது மந்திரத்தின் மதிப்பை எட்டினால் மந்திரம் பலிக்கும். எட்டாவிடில் அது வீண். அதற்குமேல் அச்சுற்றில் அவனால் வேறு மந்திரமும் சொல்ல இயலாது. பலித்த மந்திரத்தை எதிராளி தன் பகடைகளை உருட்டி, அதே தொகையையோ மிகுதியையோ காட்டி முறியடிக்கலாம்.

இவ்வளவில் நின்றிருந்தால் அது எளிய விளையாட்டு. எல்லாப் பகடைகளையும் அள்ளி உருட்டுவதே அறிவு என்றாகிவிடும். ஆனால் அவ்விதிகளை எழுதியவர்கள் ஒரு முள்ளை வைத்திருந்தனர். உருட்டிய பகடைகளுள் இரண்டோ அதற்கு மேலோ 6 காட்டினால், அந்த மந்திரத்தை எவராலும் தடுக்க முடியாது. தொகை எதுவாயினும் அது பலித்தே தீரும். அதே வேளையில் அது சொன்னவன் கையிலேயே வெடிக்கும். அவனும் அவனைச் சுற்றி நிற்கும் சொந்தப் படையும் அழியலாம். தன் ஆற்றலையே அவன் இழக்கலாம். வெற்றியின் உச்சமும் விபத்தும் ஒரே இரட்டை ஆறில் பிறக்கின்றன.

இளைஞன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். தாத்தாவின் கையெழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. நான்காம் நிலை மந்திரவாதி, 15 மதிப்புள்ள ஒரு பெரிய மந்திரத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே பகடைகளில் 11 வர வேண்டும். மூன்று பகடைகள் எடுத்தால் பலிக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. வெடிக்கும் வாய்ப்பு 7. நான்கு எடுத்தால் பலிப்பது 84, வெடிப்பது 13. ஐந்து எடுத்தால் பலிப்பது 97. வெடிப்பது ஏறத்தாழ 20. ஆறு எடுத்தால் பலிப்பது 99ஐத் தாண்டும், வெடிப்பது 26.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்கு நிகழ்தகவு என்பது பள்ளிப் படிப்போடு முடிந்துபோன பாடம். இருந்தும் அந்த அட்டவணையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றிலிருந்து நான்குக்குச் செல்லும்போது 34 பங்கு நன்மையை 6 பங்கு ஆபத்தால் வாங்குகிறான். அது நல்ல வாணிபம். ஐந்திலிருந்து ஆறுக்குச் செல்லும்போதோ, 3 பங்கு நன்மைக்காக ஏறத்தாழ 7 பங்கு ஆபத்தைக் கொடுக்கிறான். உறுதியை நெருங்க நெருங்க அதன் விலை ஏறுகிறது. கடைசித் துளி உறுதிக்குத்தான் மிகப் பெரிய விலை. ஒரே ஆட்டத்தில் மூன்று முறை ஆறு பகடைகளை உருட்டுபவன், ஒரு முறையேனும் தன் கையைச் சுட்டுக்கொள்ளும் வாய்ப்பு 60 விழுக்காடு.

"அப்படியானால் என்ன செய்வது?" என்று நம்மையறியாமலே கேட்டோம். விசாரணைக்குச் சென்ற நாம் அதற்குள் மாணவராகியிருந்தோம்.

தாத்தா மூன்று செய்திகள் சொன்னார். முதலாவது, பெரிய மந்திரத்தை முதலில் சொல்லாதே. 9 ஆற்றல் பகடைகளும், எதிராளிக்கு 5 முறியடிப்புப் பகடைகளும் கிடைத்துள்ளன என்று கொள்வோம். நான்கு பகடைகளால் பெரிய மந்திரத்தைச் சொல்லி, தொகை 18 வந்தது என்றும் கொள்வோம். தன்னிகரான நான்காம் நிலை மந்திரவாதியை உடைய எதிராளி ஐந்து பகடைகளையும் உருட்டினால், அதனை முறியடிக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு. ஆனால் அதற்குமுன், அவனால் பொறுக்க இயலாத ஒரு சிறு மந்திரத்தை இரண்டு பகடைகளால் சொல்லி, அதனைத் தடுக்க அவன் இரண்டு பகடைகளைச் செலவிடச் செய்துவிட்டால், மூன்றே பகடைகளால் அந்த 18ஐ அவன் எட்டும் வாய்ப்பு 16 விழுக்காடாகச் சுருங்குகிறது. இதிலும் ஒரு விலை உண்டு. சிறு மந்திரம் 8 மதிப்புடையது என்றால், இரண்டு பகடைகளில் 36 வழிகளுள் 3 வழிகளில் அது தவறும். தவறினால் பெரியதும் போயிற்று. விலையில்லாத உபாயம் எதுவும் அந்த மேசையில் இல்லை.

இரண்டாவது, மந்திரவாதியை எங்கே நிறுத்துகிறாய் என்பதை முன்பே எண்ணிப்பார். வெடிக்குமானால் அவனருகில் நிற்பவர்கள் அழிவர். ஆகவே வெடித்தாலும் படை நிலைகுலையாத இடத்தில் அவன் நிற்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் பேரனைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே மந்திரத்தை நம்பிப் படை சேர்க்காதே. அது பலிக்காத நாளிலும் ஆட்டம் நடக்க வேண்டும்."

அன்றைய ஆட்டத்தில் எதிரே ஆடியவன் அவ்வூர் இளைஞன் ஒருவன். இருவரும் ஏறத்தாழச் சமமாக நின்றபோது கடைசிச் சுற்று வந்தது. பேரன் இரு பகடைகளை உருட்டினான், இரண்டும் 4. அவனுக்கு 8, எதிராளிக்கு 4. தாத்தா கற்பித்தபடியே இரண்டு பகடைகளால் ஒரு சிறு மந்திரத்தை முன்வைத்தான். எதிராளி அஞ்சி மூன்று பகடைகளைச் செலவிட்டு அதனைத் தடுத்தான். எதிராளியிடம் எஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றால், அது 6 காட்டினாலும், பெரிய மந்திரத்தைத் தொடவும் முடியாது. பேரன் கையில் ஆறு பகடைகள் இருந்தன. வர வேண்டியது 11.

நான்கு எடுக்கலாம், ஐந்து எடுக்கலாம். அவன் ஆறையும் அள்ளினான். செலவிடாத பகடைகள் அடுத்த சுற்றுக்கு உதவா. மிச்சம் பிடித்து என்ன பயன் என்று எண்ணியிருப்பான். உருட்டினான். இரண்டு ஆறுகள். மந்திரம் பலித்தது, எதிரியின் தலையாய அணி மறைந்தது. அதே நொடியில் மந்திரவாதி வெடித்து, அவனைச் சூழ நின்ற பேரனின் சிறந்த அணியும் சிதைந்தது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது சிறு வேறுபாட்டில் அவன் தோற்றிருந்தான்.

"பகடை என்னை ஏமாற்றிவிட்டது" என்று அவன் முகம் சிவந்து கூறினான்.

தாத்தா உருவங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கியபடியே சொன்னார்: "என்ன விழுகிறது என்பது பகடையின் உரிமை. எத்தனை பகடை எடுப்பது என்பது உன் உரிமை. இரண்டு ஆறு விழாமல் நீ வென்றிருந்தாலும், இன்று நீ செய்தது தவறுதான். அந்த ஆறாவது பகடை மந்திரத்துக்காக எடுத்ததன்று. உன் அச்சத்துக்காக எடுத்தது."

பங்குக் கூடத்தில் ஆட்டம் தொடரட்டும் என்று அன்றே சொல்லிவிட்டுத் திரும்பினோம். முறையீடு கொண்டுவந்த பெண்மணிகளுக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னோம். பத்தாம் நூற்றாண்டில் காம்பிரே நகர ஆயராயிருந்த விபோல்டு என்பவர், பகடையை விட இயலாத குருக்களுக்காக ஒரு விளையாட்டையே அமைத்தார் என்பதையும் குறிப்பிட்டோம். மூன்று பகடைகள் விழக்கூடிய 56 சேர்க்கைகளுக்கும் 56 நற்பண்புகளின் பெயரைச் சூட்டி, பகடையைக்கொண்டே பண்புகளைச் சேர்க்கச் செய்தார் அவர். பிற்காலத்தில் நிகழ்தகவுக் கணக்குக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், 1654ஆம் ஆண்டில் ஃபெர்மாவோடு கடிதங்கள் வழியே பகடைச் சிக்கல்களை ஆராய்ந்த பாஸ்கல். அவர் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர் என்பதையும் சொன்னோம். அவர்கள் ஒருவாறு அமைதியடைந்தனர். நாமும் அமைதியடைந்தோம். விசாரணை முடிந்தது என்று எண்ணினோம்.

முடியவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தாத்தாவின் வயிற்றில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர்கள் இரண்டு வழிகளைக் கூறினர். ஒன்று, பெரிய அறுவை. அது கைகூடினால் நோய் அடியோடு நீங்கலாம். ஆனால் அவருடைய வயதிலும் சுரங்கத் தூசி படிந்த நுரையீரலோடும் மேசையிலேயே உயிர் போகும் ஆபத்தும் கணிசமாக உண்டு. மற்றது, கட்டியை அடக்கி வைக்கும் சிறு சிகிச்சை. அது நோயை நீக்காது, நாள்களைக் கூட்டும்.

செய்தி அறிந்து நாம் அவர் இல்லம் சென்றோம். அவர் மனைவி வாசலிலேயே நம் கைகளைப் பற்றிக்கொண்டார். "பெரிய அறுவையே செய்யட்டும் என்று நான் சொல்கிறேன், பாதர். அவர் பிழைத்துவிடுவார் அல்லவா?" என்று கேட்டார். அவருடைய கண்களைப் பார்த்த நாம், "உறுதியாகப் பிழைப்பார். அஞ்சாதீர்கள்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டு நமக்கும் நிறைவாக இருந்தது. நம் கடமையைச் செய்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

பேருந்து நிறுத்தம்வரை பேரன் நம்முடன் நடந்து வந்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பேருந்து வரும் வேளையில், "பாதர், உறுதி என்று சொன்னீர்களே, எத்தனை பகடையில்?" என்று கேட்டான்.

அவன் குரலில் கேலி இல்லை. மெய்யாகவே அறிய விரும்பினான். நம்மிடம் விடை இல்லை. பேருந்து வந்தது, ஏறி அமர்ந்தோம். வழிநெடுக அந்தக் கேள்வியும் உடன் வந்தது. பங்குக் கூடத்தில் மாந்திரிகம் நடக்கிறதா என்று விசாரிக்கச் சென்ற நாம், நிகழப்போவதை ஒரு சொல்லால் கட்டிவிடலாம் என்று எண்ணி அதனை அந்த வீட்டு வாசலிலே செய்துவிட்டு வந்திருக்கிறோம். மேசையைச் சுற்றி நின்ற இளைஞர்களுக்குப் பகடை தங்கள் வசப்படாது என்பது தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. அந்த அம்மையார் அழுவதைக் காணப் பொறாமல், நம் மன அமைதிக்காக நாம் எடுத்த ஆறாவது பகடைதான் அந்த "உறுதி". அது வெடித்தால் காயப்படுபவர் நாமல்லர்; அருகில் நின்ற அவரே.

மறுநாள் காலையிலேயே திரும்பிச் சென்றோம். தாத்தா சமையலறை மேசையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடி வழியே ஒரு சிறு வீரனின் கேடயத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எதிரே இருந்தார். "நேற்று நாம் சொன்னது பிழை, அம்மா. அது நமக்குத் தெரியாது. மருத்துவருக்கும் முழுமையாகத் தெரியாது. தெரிந்ததுபோலச் சொன்னதற்கு எம்மை மன்னியுங்கள்" என்றோம். அந்த அம்மையார் அழுதார். நாம் அங்கேயே அமர்ந்திருந்தோம். சிறிது நேரத்துக்குப்பின் தாத்தா தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் வைக்க எழுந்தார்.

அந்த வாரம் மருத்துவரிடம் அவர் கேட்ட கேள்விகளைப் பேரன் பிறகு நமக்குச் சொன்னான். பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லையாம். பெரிய அறுவை தவறினால் எவ்வாறு தவறும். தவறியபின் எஞ்சுவது என்ன. என் மனைவியும் பேரனும் அப்போது எந்த நிலையில் இருப்பார்கள். சிறு சிகிச்சையில் எத்தனை மாதம் என் கை தூரிகை பிடிக்கும் என்றே கேட்டாராம். மந்திரவாதியை எங்கே நிறுத்துவது என்று பார்க்கும் அதே கண். எல்லாவற்றையும் கேட்டபின் அவர் சிறு சிகிச்சையைத் தேர்ந்தார். பேரனிடம், "நான்கு பகடை போதும்" என்று மட்டும் சொன்னாராம்.

பதினான்கு மாதங்கள் வாழ்ந்தார். கடைசி இரண்டு மாதங்கள் தவிர மற்ற சனிக்கிழமைகளில் மேசைக்கு வந்தார். தீட்டாமல் பெட்டியில் கிடந்த உருவங்கள் அனைத்தையும் தீட்டி முடித்தார். 2013ஆம் ஆண்டு வசந்தத்தில், நாமே அவருடைய அடக்கத் திருப்பலியை நிறைவேற்றினோம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அவர் மனைவி நம் அருகில் நடந்தார். "பெரிய அறுவையைச் செய்திருந்தால் இன்று உயிரோடிருப்பாரோ?" என்று மெல்லக் கேட்டார். இருந்திருக்கலாம், அன்றே இறந்தும் இருக்கலாம். உருட்டாத பகடை என்ன காட்டியிருக்கும் என்பதை எவரும் அறியார். ஒரு முடிவு நல்லதா என்பதை அதன் விளைவைக்கொண்டு அளக்க இயலாது என்பதைத்தான் அந்த மனிதர் பங்குக் கூடத்தில் தோற்ற பேரனுக்குச் சொன்னார். அதை அந்த நேரத்தில் அந்த அம்மையாரிடம் நாம் எடுத்துரைக்கவில்லை. "தெரியவில்லை, அம்மா" என்றோம். வேறொன்றும் சொல்லாமல் அவர் வீடுவரை உடன் நடந்தோம். வாசலில் நின்று, "நீங்கள் அன்று திரும்பி வந்ததை அவர் அடிக்கடிச் சொல்வார்" என்றார்.

காலம் ஓடிவிட்டது. நாம் தாயகம் திரும்பி ஆண்டுகள் பல ஆகின்றன. அந்த எட்டாம் பதிப்பும் 2015ஆம் ஆண்டோடு ஓய்ந்து, அதன் இடத்தில் வேறொரு விளையாட்டு வந்தது. 2024ஆம் ஆண்டில் பழைய உலகம் என்ற பெயரில் அந்தப் போர்க்களம் மீண்டும் வெளிவந்திருக்கிறது. ஆனால் மந்திர விதி மாறிவிட்டது. இப்போது மந்திரத்துக்கு எப்போதும் இரண்டே பகடைகள். எத்தனை எடுப்பது என்னும் கேள்வியே இல்லை. இதனைக் கடிதத்தில் எழுதியவன் அந்தப் பேரன். இன்று அவனுக்கும் ஒரு மகன் இருக்கிறான். புதிய விதி எளிதாகவே இருக்கிறது என்றும், ஆயினும் தாத்தாவின் அட்டவணையைத் தான் பத்திரமாக வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தான்.

நாம் அங்கிருந்து விடைபெற்ற நாளில் அவன் ஒரு வெள்ளைப் பகடையை நம் கையில் வைத்தான். அது இன்றும் நம் எழுது மேசையில், மைப்புட்டிக்கு அருகில் இருக்கிறது. பங்கு மக்கள் வருகிறார்கள். மகளுக்கு இந்த வரன் சரியாக அமையுமா, மகன் வெளிநாடு போனால் நன்றாக இருப்பானா, அறுவை செய்தால் அவர் பிழைப்பாரா, சாமி, என்று கேட்கிறார்கள். உறுதியாக என்னும் சொல் இன்றும் நாவின் நுனிவரை வந்துவிடுகிறது. அவ்வேளைகளில் நம் கை அந்தப் பகடையைத் தேடுகிறது. வந்தவரை அமரச் சொல்லி, தவறினால் என்ன நேரும், நேர்ந்தால் உங்களோடு யார் இருப்பார்கள் என்று கேட்கத் தொடங்குகிறோம்.